நோட்டுப் புத்தகமும் அஞ்சலட்டையும்: ஜப்பானில் வீடியோ கேம் பேச்சு வளர்ந்த கதை

ஜப்பானில் வீடியோ கேம் வீட்டுக்கு வீடு பரவுவதற்கு முன்பே அதைப் பற்றிய பேச்சு காபிக் கடைகளில் களைகட்டிவிட்டது. டைட்டோ நிறுவனத்துக்காக தோமோஹிரோ நிஷிகாடோ வடிவமைத்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978இல் வெளிவந்தது. கண்ணாடிப் பலகைக்குக் கீழே திரை பதித்த மேசை வடிவ இயந்திரங்கள் கடைகளை நிறைத்தன. 100 யென் நாணயம் ஒன்றைப் போட்டால் ஓர் ஆட்டம். ஒருவர் ஆட, இரண்டு மூன்று பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரையில் ஐந்து வரிசைகளாக 55 எதிரிகள் இறங்கி வந்தார்கள். எப்படிச் சுட்டால் புள்ளி கூடும் என்பதை இயந்திரம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் வேலை பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு வந்து சேர்ந்தது.

திரையின் மேல் விளிம்பில் அவ்வப்போது ஒரு பறக்கும் தட்டு கடந்துபோகும். அதை வீழ்த்தினால் எத்தனை புள்ளி கிடைக்கும் என்பது முதலில் அதிர்ஷ்டம் போலத்தான் தெரிந்தது. ஆனால் நிரல் ரகசியமாகக் குண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. 23ஆவது குண்டிலும், அதன் பிறகு ஒவ்வொரு 15ஆவது குண்டிலும் தட்டை வீழ்த்தினால் அதிகபட்சமான 300 புள்ளி உறுதி. இதைக் கண்டறிந்தவர்கள் நிரலைப் படித்தவர்கள் அல்லர். நாணயங்களைச் செலவழித்து விரல்விட்டு எண்ணியவர்கள். இன்னொரு உத்தி இதைவிடத் துணிச்சலானது. எதிரிகளை வேண்டுமென்றே கடைசி வரிசை வரை இறங்கவிட வேண்டும். அவர்களின் குண்டுகள் அவர்களுக்குச் சற்றுக் கீழே தோன்றுவதால், ஆட்டக்காரருடைய பீரங்கியின் தலைக்கு நேர்மேலே வந்துவிட்ட எதிரியால் அதைச் சுட முடியாது. ஆனால் இன்னும் ஒரு படி இறங்கினால் ஆட்டம் முடிந்தது. இந்த உத்திக்கு நகோயா நகரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏன் நகோயா என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மோகத்தால் நாட்டில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்ற கதையும் இதே காலத்துப் பேச்சின் விளைச்சல். உலகெங்கும் அது திரும்பத் திரும்ப அச்சேறியது. நாணயச்சாலையின் கணக்கு அதற்குத் துணை நிற்கவில்லை.

மோகம் வடிந்ததும் காபிக் கடை மேசைகள் குறைந்து, இயந்திரங்கள் தனிக் கூடங்களுக்குக் குடிபெயர்ந்தன. கேம் சென்டர் என்று ஜப்பானியர் அழைத்த இந்தக் கூடங்களில் ஆட்டக்காரர்களுக்குள் பழக்கம் ஏற்பட்டாலும், ஒருவர் வரும் நேரத்தில் மற்றவர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாலையில் பள்ளி மாணவர்கள் வருவார்கள்; அலுவலக ஊழியர்கள் இரவில். ஒரே இயந்திரத்தில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே போகக்கூடும். இந்த இடைவெளியை நிரப்பியது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். இயந்திரங்களுக்கு அருகிலோ மூலையில் இருந்த மேசையிலோ கடைக்காரர் அதைப் பேனாவோடு வைத்துவிடுவார். யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்தக் கட்டத்தில் சிக்கிக்கொண்டேன், எந்த எதிரியை எப்படி ஏமாற்றினேன், புதிதாக வந்த விளையாட்டு காசுக்குத் தகுமா என்பதெல்லாம் அதில் இடம்பெற்றன. கையெழுத்து புனைபெயரில் இருக்கும். கீழே இன்னொருவர் பதில் எழுதியிருப்பார். ஓரங்களில் கதாபாத்திரங்களின் படங்களை வரைந்து வைத்தவர்களும் உண்டு. கடைக்காரருக்குச் செலவு சொற்பம். எழுதியவர் பதிலைப் பார்க்க மறுநாளும் வருவார், வந்தவர் நாணயம் போடாமல் போகமாட்டார்.

நாம்கோ நிறுவனத்துக்காக மசனோபு எண்டோ உருவாக்கிய இரண்டு விளையாட்டுகள் இந்தப் பேச்சுக்குத் தீனி போட்டதுபோல் வேறு எவையும் போடவில்லை. முதலாவது, 1983இல் கூடங்களைப் பிடித்தாட்டிய ஸெவியஸ். காடும் ஆறும் பாலைவனமும் கீழே நகர, விமானத்தில் பறந்தபடி வானத்திலும் தரையிலும் உள்ள எதிரிகளை அழிக்கும் விளையாட்டு அது. ஒன்றுமே இல்லாத நிலத்தில் குறிப்பிட்ட இடத்தில் குண்டு போட்டால் மறைந்திருக்கும் கோபுரம் எழும்பும். வேறோர் இடத்தில் கொடி ஒன்று வெளிப்பட்டு, எடுத்தால் கூடுதல் உயிர் தரும். இரண்டு ரகசியங்கள் இருக்கின்றன என்றால் இருபது இருக்காதா என்று ஆட்டக்காரர்கள் எண்ணியதில் வியப்பில்லை. சுழன்றுகொண்டே வரும், எந்தக் குண்டுக்கும் அசையாத பாக்குரா என்ற பலகையை 256 முறை சுட்டால் உடையும் என்ற வதந்தி நாடு முழுவதும் பரவியது. அது உடையாது. அது திரையில் நிற்கும் நேரத்துக்குள் 256 குண்டுகள் சுடுவதே பெரும்பாடு என்பதால், பொய்யென்று நிரூபிப்பதும் எளிதாக இல்லை. வதந்தி நெடுங்காலம் வாழ்ந்ததற்கு அந்த எண்ணே காரணம் எனலாம்: கணினியின் உள்கணக்கைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு 256 நம்பத்தகுந்த எண்ணாகப் பட்டது.

ஸெவியஸில் ஒரு கோடிப் புள்ளி எடுக்கும் வழியை விளக்கி, ஆட்டக்காரர்களே எழுதிப் பிரதியெடுத்த கையேடு ஒன்று 1983இல் சுற்றுக்கு வந்தது. அதே ஆண்டில் டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்த சதோஷி தஜிரி என்ற இளைஞர் கேம் ஃப்ரீக் என்ற சிற்றிதழைத் தொடங்கினார். கையால் எழுதி, நகலெடுத்து, ஓரத்தில் ஸ்டேப்ளர் ஊசி அடித்த தாள்கள்தாம் அந்த இதழ். சிற்றிதழ் விற்கும் கடையொன்றில் அதைக் கண்ட கென் சுகிமோரி தேடிவந்து ஓவியராகச் சேர்ந்துகொண்டார். நோட்டுப் புத்தகத்தில் இருந்த பேச்சுக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடு அதிகமில்லை. ஆனால் நோட்டுப் புத்தகம் ஒரு கடையோடு கட்டுண்டது. நகலெடுத்த தாள் ரயிலேறிப் போகும். படித்த உலகமும் இந்த ஆட்டக்காரர்களைக் கவனிக்கத் தொடங்கியது. சமயங்களை ஆராய்ந்த சிந்தனையாளர் ஷின்இச்சி நகஸவா 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஸெவியஸ் ஆடுபவர்கள் நிரலின் பிழைகளோடு விளையாடுவதைப் பொருளாகக் கொண்டது.

எண்டோவின் இரண்டாவது விளையாட்டு, 1984இல் வந்த தி டவர் ஆஃப் ட்ருவாகா. கில்காமேஷ் என்ற வீரன் 60 தளங்கள் கொண்ட கோபுரத்தில் ஏறி, சிறைப்பட்ட பெண்ணை மீட்க வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு தளத்திலும் ஒரு புதையல் பெட்டி மறைந்திருக்கும். அது எப்படி வெளிப்படும் என்பதற்குத் திரையில் ஒரு குறிப்பும் கிடையாது. ஒரு தளத்தில் பச்சை நிறப் பிசின் உருவங்களைக் கொன்றால் போதும். இன்னொன்றில் எதிரிகளைக் குறிப்பிட்ட வரிசையில் வீழ்த்த வேண்டும். வேறொன்றில் மந்திரவாதியின் தாக்குதலைக் கேடயத்தில் தாங்க வேண்டும். சில புதையல்கள் கெடுதல் செய்பவை. சிலவற்றைத் தவறவிட்டால் மேலே போய் ஆட்டத்தை முடிக்கவே முடியாது, ஆனால் தவறவிட்டது அப்போது தெரியாது. தனி ஆள் ஒருவர் தம் சொந்தக் காசில் இதை அவிழ்ப்பது நடக்கிற காரியமல்ல. கடைகள்தோறும் நோட்டுப் புத்தகங்களில் தளவாரியாகப் பட்டியல்கள் வளர்ந்தன. ஒருவர் 100 யென் கொடுத்துக் கண்டுபிடித்ததிலிருந்து அடுத்தவர் தொடங்கினார். ஒரு கடையில் தெரிந்த ரகசியம் அடுத்த பேட்டைக்குப் போய்ச் சேர நாள் பிடித்தது. கறாராகச் சொன்னால் இது நல்ல வடிவமைப்பா என்று கேட்க இடமுண்டு. துப்பே தராத புதிரை யாரும் இன்று பாராட்டமாட்டார்கள். ஆனால் ட்ருவாகா தனியாள் ஆடும் விளையாட்டின் தோற்றத்தில் இருந்த கூட்டு விளையாட்டு. அதன் பாதி நோட்டுப் புத்தகத்தில்தான் நடந்தது.

கேளிக்கைத் தொழிலுக்கான சட்டம் 1984இல் திருத்தப்பட்டு 1985 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கேம் சென்டர்கள் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. விடியவிடியத் திறந்து வைக்கும் வழக்கம் முடிந்தது. இதற்குள் சிறுவர்களின் கூட்டம் வேறிடத்தில் சேர்ந்திருந்தது. 1983 ஜூலையில் நின்டெண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாம், தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளையெல்லாம் கேம் சென்டர் ஆக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஆடுபவருக்கு நோட்டுப் புத்தகம் இல்லை. வகுப்பறை இருந்தது, பிறகு இதழ்கள் வந்தன.

தொகுமா ஷோதென் பதிப்பகம் 1985 ஜூலையில் தொடங்கிய ஃபேமிலி கம்ப்யூட்டர் மேகஸின், ஃபேமிகாமுக்கென்றே வந்த முதல் இதழ். வாசகர்கள் அதை ஃபேமிமாகா என்று சுருக்கிக்கொண்டார்கள். இதன் பலம் இரண்டு பகுதிகளில் இருந்தது. ஒன்று, விளையாட்டுகளின் மறைவான உத்திகளைத் திரட்டித் தந்த பகுதி. அந்தத் திரட்டில் ஆசிரியர் குழு வேண்டுமென்றே ஒரு பொய்யைக் கலந்து வைக்கும். எது பொய் என்பதை வாசகர் ஆடிப்பார்த்துக் கண்டறிய வேண்டும். படத்தோடு அச்சான பொய்யை நம்பி நாள்கணக்கில் பட்டனை அழுத்திய சிறுவர்கள் எத்தனையோ பேர். ஸ்குவேர் நிறுவனத்தின் சாகச விளையாட்டு ஒன்றைப் பற்றி அப்படி அச்சான பொய், அந்தத் தலைமுறைக்கு இன்றும் நினைவிருக்கும் அளவுக்குப் புகழ்பெற்றது. வதந்தி வழக்கமாக இதழ்களுக்கு வெளியே பிறக்கும். இங்கே இதழே அதை அச்சிட்டு வாசகரின் ஐயத்துக்குப் பயிற்சி கொடுத்தது. இப்படிச் செய்தது பொறுப்பானதா என்பது வேறு விஷயம், விற்பனைக்கு அது உதவியது.

இரண்டாவது பகுதி, விளையாட்டுகளுக்கான மதிப்பெண் அட்டை. மதிப்பிட்டவர்கள் ஆசிரியர் குழுவினர் அல்லர், வாசகர்கள். விளையாட்டை வாங்கி ஆடியவர்கள் அஞ்சலட்டையில் ஆறு கூறுகளுக்கு ஐந்து ஐந்தாக மதிப்பெண் எழுதி அனுப்பினார்கள்: கதாபாத்திரம், இசை, கொடுத்த காசுக்கான மதிப்பு, கையாளும் வசதி, ஆடவைக்கும் ஈர்ப்பு, புதுமை. சராசரியைக் கூட்டி 30க்கு எத்தனை என்று இதழ் அச்சிட்டது. பள்ளியில் மதிப்பெண் வாங்கிக் களைத்த பிள்ளைகள் பெரிய நிறுவனங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். கையாளும் வசதியைத் தனியே பிரித்தது கூர்மையான முடிவு. படமும் இசையும் நன்றாக இருந்தும் பட்டன் அழுத்தினால் சொன்னபடி கேட்காத விளையாட்டுகள் அக்காலத்தில் ஏராளம். மொத்தமாக ஒரே எண் கொடுத்தால் அந்தக் குறை மறைந்துவிடும். விளையாட்டுப் பெட்டிகளுக்குள்ளேயே கருத்துக் கேட்கும் அஞ்சலட்டையை வைத்து அனுப்பும் வழக்கமும் நிறுவனங்களிடையே பரவியது. ஆனால் அந்த அட்டைகளில் எழுதியது நிறுவனத்தின் அலமாரியோடு நின்றது.

சிறுவர்களின் வாய்வழிப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹட்சன் நிறுவனத்தின் தகஹாஷி மெய்ஜின் சான்று. 1985 கோடையில் அந்நிறுவனம் ஸ்டார் ஃபோர்ஸ் விளையாட்டைக் கொண்டு நாடு தழுவிய போட்டி நடத்தியது. அதன் முகமாக நின்ற இந்த ஊழியர் நொடிக்கு 16 முறை பட்டனை அழுத்துவார் என்ற புகழ் பரவியது. புகழைப் பின்தொடர்ந்து வதந்தி வந்தது: அவருடைய பட்டனுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார், அதனால் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டும் உண்மையில்லை. ஆனாலும் வதந்தி ஊர் ஊராகச் சென்றது.

இதழ்களில் எழுதியவர்கள் வெறும் விமர்சகர்களாக நின்றுவிடவில்லை. சிறுவர்களுக்கான காமிக்ஸ் வார இதழான ஷோனென் ஜம்ப், 1985இல் ஃபேமிகாம் பகுதி ஒன்றைத் தொடங்கியது. அந்நாளில் கொடிகட்டிப் பறந்த தற்காப்புக்கலைத் தொடர் ஒன்றின் பாணியில் அமைந்த அந்தப் பகுதியில், புனைபெயரில் எழுதியவர்களுள் ஒருவர் யூஜி ஹோரீ. எனிக்ஸ் நிறுவனம் நடத்திய நிரல் போட்டியைப் பற்றிச் செய்தி எழுதச் சென்றவர், போட்டியில் தாமும் கலந்துகொண்டு பரிசு பெற்றவர். வாசகர்களுக்கு எது புரியவில்லை, எங்கே சலித்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்குத் தொழில்முறையாகத் தெரியும். கணினியில் மட்டுமே பழக்கமாக இருந்த பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை, கையேடு படிக்காத சிறுவனும் ஆடும்படி எளிமையாக்கி 1986 மே மாதம் டிராகன் குவெஸ்ட்டாக வெளியிட்டார். அதன் அரக்கர்களை வரைந்தவர் அதே ஜம்ப் இதழின் ஓவியர் அகிரா தோரியாமா. விளையாட்டு உருவாகும்போதே அதைப் பற்றிய செய்தி ஜம்ப்பில் வந்தது. விமர்சனமும் விளம்பரமும் ஒரே பக்கத்தில் கலந்த இடம் அது. ஆனால் ஹோரீயின் விளையாட்டு தன் காலில் நிற்கக்கூடியதாக இருந்ததால் அந்தக் கலப்பு அவ்வளவாகக் கேள்விக்குள்ளாகவில்லை. 1988 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்தபோது கடை வாசல்களில் முந்தைய இரவே வரிசை நின்றது, பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் செய்தியானார்கள்.

அஸ்கீ நிறுவனம் 1986 ஜூனில் தொடங்கிய ஃபேமிகாம் த்ஸூஷின் இதழ்தான் பின்னாளில் ஃபேமித்ஸு என்ற பெயரில் நிலைத்தது. அதே ஆண்டில் அது கொண்டுவந்த குறுக்கு விமர்சனம் எளிய ஏற்பாடு: ஒரு விளையாட்டை நால்வர் தனித்தனியே ஆடி, ஆளுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் இரண்டு மூன்று வரியும் தருவார்கள். கூட்டினால் 40. ஒருவர் புகழ்ந்து இன்னொருவர் இகழ்ந்தால் அந்த முரண் அப்படியே அச்சில் நிற்கும். ஆனால் காலப்போக்கில் வாசகர்கள் வரிகளை விட்டுவிட்டு மொத்தத் தொகையை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள், கடைக்காரர்களும் அப்படியே. முழுமையான 40 முதன்முதலாகக் கிடைத்தது 1998இல், தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா வரிசையின் ஓகரினா ஆஃப் டைம் விளையாட்டுக்கு. நிறுவனங்களின் விளம்பரத்தில் வாழும் இதழ் அந்நிறுவனங்களின் சரக்கை எப்படிக் கறாராக மதிப்பிடும் என்ற கேள்வி ஃபேமித்ஸுவை விடாமல் துரத்தியது.

கேம் சென்டர்க்காரர்களுக்கு 1986இல் பிறந்த கேமெஸ்ட் இதழ் இருந்தது. ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டை வாசகர்களின் வாக்கால் தேர்ந்தெடுத்தது; 1991இல் வென்றது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே. கையெழுத்துப் பிரதிகள் அவசரமாக அச்சுக்குப் போனதால் எழுத்துப் பிழைகள் மலிந்தன. கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றின் வழிகாட்டியில், ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பு என்று எழுதியிருந்தது, இந்தியரை வலப்பக்கம் என்று அச்சாகிவிட்டது. ஜப்பானிய எழுத்தில் அவை கிறுக்கலாக எழுதினால் ஒன்றுபோல் தெரியும். ஆட்டக்காரர்கள் அதை மறக்கவே இல்லை.

வாசகர் மதிப்பீடு எதிர்பாராத வழியில் சென்றதற்குச் சேகா சாட்டர்ன் மேகஸின் எடுத்துக்காட்டு. 1990களின் நடுவில் இந்த இதழ், சேகாவின் சாட்டர்ன் கருவிக்கு வந்த விளையாட்டுகளை எல்லாம் வாசகர் அனுப்பிய மதிப்பெண் சராசரியால் வரிசைப்படுத்தி, முதலிடம் முதல் கடைசி இடம் வரை அச்சிட்டது. நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியலில் எல்லாரும் முதலில் தேடியது அடிப்பக்கத்தை. அங்கே எக்கோல் என்ற சிறு நிறுவனம் 1996இல் வெளியிட்ட டெத் கிரிம்ஸன் என்ற துப்பாக்கி விளையாட்டு நெடுங்காலம் குடியிருந்தது. படம், குரல், கதை அனைத்தும் அரைகுறை. ஆனால் கடைசி இடம் என்ற அந்தப் பெயரே அதைத் தேடி வாங்க வைத்தது; பக்தி கலந்த கேலியோடு அதைக் கொண்டாடும் கூட்டம் உருவானது. நடுவில் நின்ற விளையாட்டுகளின் பெயர்கள் மறைந்துவிட்டன. டெத் கிரிம்ஸனுக்கோ தொடர்ச்சி வெளிவந்தது.

இதற்கிடையே தஜிரியின் நகலெடுத்த சிற்றிதழ் 1989இல் அதே பெயரில் நிறுவனமாகியிருந்தது. இப்போதுள்ள விளையாட்டுகளைப் பற்றி எழுதி என்ன பயன், நாமே செய்துவிடலாம் என்ற முடிவின் விளைவு அது. முதல் விளையாட்டான க்வின்டியை நாம்கோ வெளியிட்டது. 1996 பிப்ரவரி 27 அன்று வந்த போகிமான், சிறுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையைத் தன் அடித்தளத்தில் வைத்திருந்தது. சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள்; ஒன்றில் கிடைக்கும் சில உயிரினங்கள் மற்றொன்றில் கிடைக்காது. கேம் பாய் கருவிகள் இரண்டைக் கேபிளால் இணைத்து மாற்றிக்கொண்டால்தான் தொகுப்பு நிறையும். இதற்கு மேல், நிரலாளர் ஷிகெகி மொரிமோதோ கடைசி நேரத்தில் எஞ்சியிருந்த சிறு இடத்தில் மியூ என்ற 151ஆவது உயிரினத்தைச் சேர்த்து வைத்தார். அது அறிவிக்கப்படவில்லை. பிறகு கோரோகோரோ காமிக் இதழ் 20 பேருக்கு மட்டும் மியூவைப் பரிசளிப்பதாக அறிவித்தபோது ஏறத்தாழ 78,000 விண்ணப்பங்கள் குவிந்தன. கடல் கடந்து அமெரிக்கச் சிறுவர்கள், விளையாட்டில் வரும் துறைமுகத்தில் நிற்கும் லாரிக்கு அடியில் மியூ இருப்பதாக நம்பினார்கள். லாரி இருந்தது, மியூ இல்லை. பாக்குராவைச் சுற்றிய பேச்சில் வளர்ந்த தலைமுறை, இப்போது தன் விளையாட்டைப் பற்றிய பேச்சைத் தானே தூண்டியது.

1990களின் இறுதியில் அச்சுப் பேச்சு சுருங்கியது. ஃபேமிமாகா 1998இல் நின்றது. மறு ஆண்டு கேமெஸ்ட்டின் பதிப்பகம் திவாலானதும் அந்த இதழும் போனது. செல்பேசி வந்தபின் நோட்டுப் புத்தகங்களின் தேவையும் குறைந்தது. சில கூடங்கள் பழக்கம் காரணமாக அதை விடாமல் வைத்திருந்தன.

நோட்டுப் புத்தகத்தின் வேலையை விளையாட்டே எடுத்துக்கொண்டதும் உண்டு. ஹிதெதகா மியாஸகி இயக்கத்தில் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2009 பிப்ரவரியில் வந்த டீமன்ஸ் சோல்ஸ் விளையாட்டில், ஒருவர் தரையில் எழுதி வைக்கும் குறிப்பு மற்றவர்களின் திரையில் அதே இடத்தில் தோன்றும். சொந்தமாக எழுத முடியாது. தயாராக உள்ள சொற்களையும் வாக்கியங்களையும் தேர்ந்தெடுத்துக் கோக்க வேண்டும். முன்னால் பொறி, இதைத் தாண்டிக் குதி, பொய் நம்பாதே என்ற அளவில்தான் குறிப்புகள் அமையும். படித்தவர் பயனுள்ளது என்று குறித்தால், எழுதியவரின் பாத்திரம் அந்தக் கணமே உயிர்ச்சக்தி பெறும். குறிப்பால் ஏமாற்றுபவர்களும் உடனே தோன்றினார்கள். பள்ளத்தின் விளிம்பில் புதையல் இருப்பதாக எழுதி வைத்தார்கள். ஃபேமித்ஸுவின் நால்வர் அதற்குத் தந்தது 40க்கு 29. முதல் வார விற்பனை மந்தம். ஆடியவர்கள் மற்றவர்களிடம் சொல்லச் சொல்ல விற்பனை மாதக்கணக்கில் ஏறியது. தயாரிப்புக்குப் பணம் போட்ட சோனி மேலைநாடுகளில் வெளியிட முன்வராததால், அமெரிக்காவில் அட்லஸ் நிறுவனம் அதை எடுத்து வெளியிட்டது. 2011இல் அதன் வழிவந்த டார்க் சோல்ஸும் தரைக் குறிப்புகளைத் தக்கவைத்துக்கொண்டது.